கருவிலிருக்கும் செம்மறிக்குட்டியின் இன்சுலின் சுரப்பை அளந்து படிப்பது எப்படி

கருவின் இரத்தத்தில் காணப்படும் இன்சுலின் முழுவதும் அக்கருவின் சொந்தக் கணையத்தில் சுரந்ததே ஆகும். தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை, குளுக்கோஸ் கடக்கிறது. ஆகவே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கருவின் பீட்டா செல்கள் தமக்கு வந்து சேரும் குளுக்கோஸுக்கு எவ்வாறு பதிலளிக்கின்றன என்பதைத் தாயின் ஹார்மோனிலிருந்து பிரித்து அளக்க முடியும். அளப்பது கடினம்தான், ஆனால் அதைவிடக் கடினமானது அளந்த எண்ணைச் சரியாகப் படிப்பது. கருவின் இன்சுலின் அளவு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. அதே நொடியில் எடுத்த குளுக்கோஸ், ஆக்சிஜன், தாயின் குளுக்கோஸ், கருவின் வயது ஆகிய நான்கும் அருகில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். இத்துறையில் புதிதாக நுழையும் ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்து, சோதனையைத் திட்டமிடுவது தொடங்கி முடிவுகளைப் படிப்பது வரையான வழியை இங்கே விளக்குகிறேன்.

இன்சுலின் கருவில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பிறந்த விலங்கில் இன்சுலினின் முதன்மையான பணி இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. கருவிலோ, சர்க்கரையின் அளவைப் பெரும்பாலும் தாயும் நஞ்சுக்கொடியுமே தீர்மானித்துவிடுவதால், இன்சுலின் முதன்மையாக ஒரு வளர்ச்சி ஹார்மோனாகச் செயல்படுகிறது. கேம்பிரிட்ஜில் அபிகெயில் ஃபௌடன் குழுவினர் 1980-களில் செம்மறிக் கருக்களின் கணையத்தை அகற்றிப் பார்த்தபோது கருவின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. இன்சுலினைத் திருப்பிக் கொடுத்தபோது வளர்ச்சி மீண்டது. இதன் மறுபக்கத்தை 1979-இல் ரீசஸ் குரங்குகளில் செய்த சோதனை காட்டியது: கருவுக்குள் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியபோது, தாயின் சர்க்கரை உயராமலேயே கரு பெருத்தது. நீரிழிவுள்ள தாயின் குழந்தை ஏன் பெரிதாகப் பிறக்கிறது என்பதற்கு டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கத்தை, அதாவது தாயின் மிகைச் சர்க்கரை கருவில் மிகை இன்சுலினைத் தூண்டுகிறது என்ற கருதுகோளை, இத்தகைய விலங்குச் சோதனைகளே தாங்கி நிற்கின்றன.

எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது?

இது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. பீட்டா செல் எவ்வாறு உருவாகிறது, எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்பது கேள்வியானால் சுண்டெலியே ஏற்றது. அதன் கணையத்தில் இன்சுலின் கொண்ட முதல் செல்கள் கருவின் பத்தாம் நாளை ஒட்டித் தென்படுகின்றன. 13-ஆம் நாளுக்குப் பின்னரே பீட்டா செல்கள் பெருமளவில் உருவாகின்றன. ஆனால் எலி, சுண்டெலி ஆகியவற்றின் பீட்டா செல்கள் பிறந்த பிறகே முதிர்ச்சி அடைகின்றன. கருவிலிருக்கும்போது அவை அமினோ அமிலங்களுக்கு நன்றாகவும் குளுக்கோஸுக்கு மங்கலாகவும் பதிலளிக்கின்றன. சுண்டெலியின் இரண்டு இன்சுலின் மரபணுக்களையும் நீக்கிய பிறகும் குட்டிகள் சற்றே சிறியனவாகப் பிறக்கின்றன, பிறந்த சில நாட்களில்தான் கடும் நீரிழிவால் இறக்கின்றன. எனவே, உயிருள்ள கருவில் குளுக்கோஸுக்கு இன்சுலின் எவ்வாறு சுரக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கொறிவிலங்கு போதாது.

செம்மறியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள்; கருவின் எடை மனிதக் கருவின் எடைக்கு அருகில் வரும்; கருப்பை அறுவையை நன்கு தாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவின் இரத்தக் குழாய்களில் கதீட்டர் எனும் மெல்லிய குழாயை நிரந்தரமாகப் பொருத்தி, மயக்க மருந்து இல்லாமல், தாய் ஆடு நின்று இரை மென்றுகொண்டிருக்கும்போதே கருவிலிருந்து மாதிரி எடுக்க முடிகிறது. கொலராடோவில் ஜியாகோமோ மெஸ்கியாவும் ஃபிரெடரிக் பட்டாலியாவும் 1960-களில் வளர்த்தெடுத்த இந்த முறைதான் கருவின் வளர்சிதை மாற்றம் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதிக்கு அடித்தளம். கருவின் கணையத்துக்கு மருத்துவ வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு: 1921-இன் இறுதியில் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கக் கன்றுக் கருக்களின் கணையத்தை நாடினார்கள், ஏனெனில் அதில் செரிமான நொதிகள் வலுப்பெறுவதற்கு முன்பே இன்சுலின் சுரக்கும் திட்டுகள் உருவாகிவிடுகின்றன.

சோதனைக்கு முன்

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணை, வளர்ச்சியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் பாலூட்டிக் கருவையும் பாதுகாப்புக்கு உரிய விலங்காகவே கருதுகிறது. அவ்வாணை செல்லுபடியாகாத இடங்களிலும் அந்த அளவுகோலைப் பின்பற்றுவதே முறை என்பது என் கருத்து. வலி நீக்கும் மருந்து தாய்க்கு மட்டுமல்ல, கருவுக்கும் திட்டமிடப்பட வேண்டும்.

கதீட்டர் பொருத்தும் அறுவையைச் சினைக்காலத்தின் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டிய நிலையில், அதாவது 115 முதல் 125 நாட்களுக்குள் செய்வது வழக்கம். கருவின் பின்னங்கால் தமனி வழியாக ஒரு கதீட்டரை வயிற்றுப் பெருந்தமனிக்குள் நிறுத்துகிறோம். அங்கே எடுக்கும் இரத்தம் தொப்புள் தமனியில் ஓடும் இரத்தத்துக்கு ஈடாகும். தொப்புள் சிரையில் ஒன்று, மருந்தும் குளுக்கோஸும் செலுத்தக் கருவின் கால் சிரைகளில் வேறு இரண்டு, தாயின் தமனியிலும் சிரையிலும் ஒவ்வொன்று என மொத்தம் ஆறு கதீட்டர்கள் தேவைப்படும். இவற்றைத் தாயின் தோலுக்கு அடியில் கொண்டுவந்து, விலாவில் தைத்த ஒரு பைக்குள் வைத்து, நாள்தோறும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் கலந்த உப்புக் கரைசலால் அலசிவர வேண்டும்.

அறுவைக்குப் பின் ஐந்து நாட்களாவது பொறுங்கள். இதில் அவசரப்பட்டால் எல்லாமே வீணாகும். அறுவையின் அதிர்ச்சி கருவின் இரத்தத்தில் நார்அட்ரினலின் என்ற அழுத்த ஹார்மோனை உயர்த்துகிறது. நார்அட்ரினலின், பீட்டா செல்லின் மேலுள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகள் வழியாக இன்சுலின் சுரப்பை நேரடியாக அடக்குகிறது. அந்நிலையில் நீங்கள் அளப்பது கணையத்தின் திறனை அல்ல, அறுவையின் பின்விளைவையே. இதே காரணத்துக்காகத் தாய் ஆட்டின் மனநிலையும் கணக்கில் வருகிறது. செம்மறி மந்தை விலங்கு. தனியே அடைத்தால் கலங்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னொரு ஆட்டை நிறுத்துங்கள், சோதனைக் கூண்டில் நிற்கச் சில நாட்கள் முன்பே பழக்குங்கள், வழக்கமான தீனியை நிறுத்தாதீர்கள். தாய் பட்டினி கிடந்தால் அதன் குளுக்கோஸும், அதைத் தொடர்ந்து கருவின் குளுக்கோஸும் இறங்கும்.

சோதனை நாளின் காலையில் முதல் மாதிரியை எடுத்தவுடன் கருவின் உடல்நிலையைச் சரிபாருங்கள். நலமாக உள்ள செம்மறிக் கருவின் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியும், அமில-கார அளவு (pH) 7.35-ஐ ஒட்டியும், குளுக்கோஸ் லிட்டருக்கு 1 மில்லிமோலை ஒட்டியும் இருக்கும். தாயின் குளுக்கோஸ் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். பிறந்த விலங்கில் இதே எண்களைக் கண்டால் உயிருக்கு ஆபத்து என்று பதறுவோம். கருவுக்கோ இவை இயல்பானவை. ஆக்சிஜன் பற்றாதபோது சேரும் லாக்டேட் ஏறியிருந்தாலோ ஆக்சிஜன் எதிர்பாராமல் இறங்கியிருந்தாலோ அன்றைய சோதனையைத் தள்ளிவைக்க வேண்டும்.

இரத்த மாதிரியைக் கையாளுதல்

செம்மறிக் கருவின் இரத்தத்தில் குளுக்கோஸைவிடப் பல மடங்கு அதிகமாக ஃபிரக்டோஸ் உண்டு. நஞ்சுக்கொடி அதை உருவாக்கிக் கருவின் பக்கம் விடுகிறது. எனவே பொதுவாகச் சர்க்கரையை அளக்கும் எந்த வேதிமுறையும் இங்கே பிழையான விடையையே தரும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்று குளுக்கோஸை மட்டும் அறியும் நொதியைக் கொண்ட கருவியையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறையேனும் அளந்து சராசரி எடுங்கள்.

இன்சுலினுக்கான மாதிரியை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, குளிர்நிலையிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, ஆழ்குளிரில் சேமிக்க வேண்டும். சிவப்பணுக்கள் உடைந்த மாதிரியைப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் அவற்றினுள் இருக்கும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். செந்நிறமேறிய பிளாஸ்மா தரும் குறைந்த எண்ணை நம்ப முடியாது. இன்சுலினை அளக்கும் சோதனைப் பொதியை (kit) தேர்ந்தெடுக்கும்போது அது செம்மறியின் இன்சுலினை அறியுமா என்று பாருங்கள். செம்மறியின் இன்சுலின் மாட்டு இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடுகிறது, மனித இன்சுலினிலிருந்தோ மேலும் சில இடங்களில் வேறுபடுகிறது. மனிதனுக்கென்று செய்த பொதி சரியாக வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எடுக்கும் இரத்தத்தின் அளவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒரு நாளில் ஐம்பது மில்லிலிட்டருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால், அதற்கு ஈடாகத் தாயின் இரத்தத்தை மெதுவாகக் கருவுக்குள் செலுத்துவது வழக்கம். இரத்தம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும், ஆக்சிஜன் குறைந்தால் நார்அட்ரினலின் ஏறும், அதனால் இன்சுலின் இறங்கும்.

குளுக்கோஸ் கிளாம்ப்

குளுக்கோஸை ஒரே ஊசியாகச் செலுத்தி, இன்சுலின் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது எளிது. ஆனால் ஒவ்வொரு கருவிலும் குளுக்கோஸ் வெவ்வேறு உயரத்துக்கு ஏறி வெவ்வேறு வேகத்தில் இறங்குவதால், தூண்டுதலே சமமாக இராது. குளுக்கோஸை ஒரே அளவில் நிறுத்திப்பிடித்து இன்சுலினை அளப்பதே நேர்மையான வழி. 1979-இல் டிஃப்ரான்சோ, டோபின், ஆண்ட்ரெஸ் ஆகியோர் மனிதர்களுக்காக விவரித்த கிளாம்ப் முறையின் தத்துவமும் இதுவே.

செய்முறை பின்வருமாறு. குறைந்தது மூன்று அடிப்படை மாதிரிகளை எடுத்து, அவற்றில் குளுக்கோஸும் இன்சுலினும் நிலையாக இருப்பதை உறுதிப்படுத்துங்கள். பிறகு ஒரு தொடக்க அளவு குளுக்கோஸைக் கருவின் சிரையில் செலுத்தி, உடனே தொடர் சொட்டைத் தொடங்குங்கள். ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தமனிக் குளுக்கோஸைப் பார்த்து, லிட்டருக்கு 2.4 மில்லிமோலை ஒட்டி, அதாவது இயல்பைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலே, அது நிற்கும்படி சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். முதல் அரை மணியில் மாதிரிகளை நெருக்கமாக எடுங்கள், பிறகு பதினைந்து நிமிட இடைவெளி போதும். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி நிலைத்த சமநிலை கிடைக்கும். முதிர்ந்த பீட்டா செல்லில் சுரப்பு முதலில் ஒரு கூர்மையான ஏற்றமாகவும், பிறகு நீடித்த இரண்டாம் கட்டமாகவும் நிகழும். கருவில் இக்கட்டங்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்பதே முதிர்ச்சியைப் பற்றிய ஒரு தகவல். கடைசி மூன்றில் ஒரு பங்குச் சினைக்காலத்தில் இப்பதில் வயதுடன் வலுக்கிறது. ஆகையால், ஒப்பிடும் இரு குழுக்களின் வயதும் ஒன்றாக இருப்பது கட்டாயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளுக்கோஸை ஏற்றும்போது கருவின் ஆக்சிஜன் பயன்பாடும் ஏறுகிறது. பிறந்த விலங்கு வேகமாக மூச்சுவிட்டு அதை ஈடுசெய்யும். கருவால் அது முடியாது. ஆகவே தமனி ஆக்சிஜன் இறங்கி, லாக்டேட் ஏறக்கூடும். வளர்ச்சி குன்றிய கருவில் இந்த ஆபத்து மிகுதி. கிளாம்ப் நடக்கும் நேரம் முழுவதும் இரத்த வாயுக்களைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அந்த எண்களை முடிவுகளுடன் சேர்த்தே வெளியிடுங்கள்.

சமநிலையை அடைந்த பின்னர் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒரே அளவாகச் செலுத்தி, அடுத்த அரை மணி நேரத்துக்கு மாதிரி எடுப்பது மிகவும் பயனுள்ளது. குளுக்கோஸ் வேலை செய்ய வேண்டுமானால் அது பீட்டா செல்லுக்குள் நுழைந்து, எரிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உண்டாக்கி, செல் சவ்வின் பொட்டாசியம் வாய்களை மூட வேண்டும். அதன் பிறகே கால்சியம் உள்ளே பாய்ந்து இன்சுலின் வெளியேறும். நேர்மின்னூட்டமுள்ள அர்ஜினினோ செல்லுக்குள் நுழைவதாலேயே மின்னழுத்தத்தை மாற்றிவிடுகிறது. எனவே குளுக்கோஸுக்குப் பதில் குறைந்து அர்ஜினினுக்குப் பதில் நன்றாக இருந்தால், குறை குளுக்கோஸை உணரும் பாதையில் இருக்கிறது என்று ஐயப்படலாம். இரண்டும் குறைந்திருந்தால் பீட்டா செல்களின் தொகையையோ அவற்றில் சேர்ந்திருக்கும் இன்சுலினையோ சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்யக் கணையத் திசுவைப் பார்த்தே ஆக வேண்டும்.

குளுக்கோஸ் எங்கிருந்து வந்து எங்கே போகிறது

இன்சுலின் எவ்வளவு சுரந்தது என்பதுடன், அது கருவில் என்ன செய்தது என்பதையும் அறியக் குளுக்கோஸின் போக்குவரவைக் கணக்கிட வேண்டும். தொப்புள்கொடி வழியாகக் கரு பெறும் குளுக்கோஸ் என்பது, தொப்புள் இரத்த ஓட்டத்தைச் சிரைக்கும் தமனிக்கும் இடையிலான செறிவு வேறுபாட்டால் பெருக்கிய தொகை. ஓட்டத்தை டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய நீர் அல்லது எத்தனால் கொண்டு அளக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டம் ஒரு கிலோ கருவுக்கு நிமிடத்துக்கு 200 மி.லி.; தொப்புள் சிரையில் குளுக்கோஸ் லிட்டருக்கு 1.15 மில்லிமோல், தமனியில் 1.00. வேறுபாடு 0.15. பெருக்கினால் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 30 மைக்ரோமோல், அதாவது சுமார் 5.4 மில்லிகிராம். நலமான செம்மறிக் கருவில் எதிர்பார்க்கத்தக்க அளவு இது. இப்போது தமனி மாதிரியின் அளவீட்டில் 0.05 பிழை நேர்ந்தது என்று கொள்ளுங்கள். செறிவைப் பொறுத்தவரை அது வெறும் 5 சதவீதப் பிழை. ஆனால் விடை 30-க்குப் பதில் 20 என்றோ 40 என்றோ வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு தவறு! ஒவ்வொரு மாதிரியையும் இரட்டையாக அளக்கச் சொன்னதன் காரணமும், சமநிலையில் நான்கு இணை மாதிரிகளாவது எடுக்க வேண்டும் என்பதன் காரணமும் இதில் அடங்கியுள்ளன.

கிளாம்பின்போது கருவின் மொத்தக் குளுக்கோஸ் பயன்பாடு என்பது தொப்புள்கொடி வழியாக வந்ததும் நீங்கள் செலுத்தியதும் சேர்ந்த தொகை. கருவின் குளுக்கோஸ் ஏற ஏறத் தாய்க்கும் கருவுக்கும் இடையிலான சரிவு குறைவதால், தொப்புள்கொடி வழியாக வரும் பங்கு சுருங்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். தாயின் குளுக்கோஸையும் அதே நேரத்தில் அளக்காதவர்கள் இந்தச் சுருக்கத்தைக் கருவின் கோளாறு என்று எளிதில் தவறாகப் படித்துவிடுவார்கள்.

குறைந்த எண்ணைப் படிக்கும் முறை

நலமான கருவின் கல்லீரல் சாதாரண நிலையில் கணிசமாகக் குளுக்கோஸை உற்பத்தி செய்வதில்லை. பிரசவத்தை நெருங்கும்போது கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் ஏறுவதுதான் அதற்கான நொதிகளை ஆயத்தப்படுத்துகிறது. நஞ்சுக்கொடி நலிந்து வளர்ச்சி குன்றிய கருவில் இவ்வொழுங்கு மாறுகிறது. சினை ஆடுகளை நீண்ட நாட்கள் வெப்பச் சூழலில் வைத்து நஞ்சுக்கொடியைச் சிறுக்கச் செய்யும் சோதனை முறையில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. அக்கருக்களில் ஆக்சிஜனும் குளுக்கோஸும் குறைந்து, நார்அட்ரினலின் உயர்ந்து, இன்சுலின் தாழ்ந்து கிடக்கிறது. கல்லீரலோ காலத்துக்கு முன்பே குளுக்கோஸை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகிறது. இன்சுலின் தாழ்ந்திருந்தாலும், கொடுத்த இன்சுலினுக்குத் திசுக்கள் உடல் எடைக்கு ஏற்ற அளவில் நன்றாகவே, சில வேளைகளில் கூடுதலாகவே, பதிலளிக்கின்றன.

இத்தகைய கருவில் இன்சுலின் ஏன் குறைவு என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. பீட்டா செல்கள் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அல்லது இருக்கும் செல்களை நார்அட்ரினலின் அழுத்திப் பிடித்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அட்ரினலின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதே கிளாம்பை மீண்டும் செய்யுங்கள். பதில் மீண்டால், அடக்குமுறையே பெருங்காரணம். நலமான கருவுக்குப் பல நாட்கள் நார்அட்ரினலினைத் தொடர்ந்து செலுத்திவிட்டு நிறுத்தினால், அதன் பிறகு குளுக்கோஸுக்கு இன்சுலின் இயல்பைவிட அதிகமாகச் சுரக்கிறது என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. அதாவது, அடக்குமுறை நீங்கிய பின்னும் அதன் தடம் செல்லில் தங்கிவிடுகிறது.

குளுக்கோஸின் அளவைப் போலவே அது வரும் விதமும் முக்கியம். செம்மறிக் கருவில் குளுக்கோஸை நாட்கணக்கில் ஓயாமல் உயர்த்தி வைத்தால் இன்சுலின் பதில் மங்குகிறது. விட்டுவிட்டு உயர்த்தினால் வலுக்கிறது. எலிகளிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம்: தாயின் நீரிழிவு மிதமாக இருந்தால் கருவின் பீட்டா செல்கள் தூண்டப்படுகின்றன, கடுமையாக இருந்தால் அவை சோர்ந்து, கருவும் சிறுத்துவிடுகிறது. ஆகவே “தாய்க்கு மிகைச் சர்க்கரை” என்று மட்டும் எழுதிவிட்டு முடிவுகளை ஒப்பிடாதீர்கள். எவ்வளவு, எத்தனை நாள், தொடர்ந்தா விட்டுவிட்டா என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள்.

இரத்தத்தில் அளக்கும் இன்சுலின் செறிவு, சுரப்புக்கும் வெளியேற்றத்துக்கும் இடையிலான மிச்சமே என்பதையும் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும். இன்சுலின் சில நிமிடங்களில் அழிந்துவிடுவது. அதை அழிக்கும் வேகம் இரு குழுக்களிலும் வேறுபட்டால், சுரப்பு ஒன்றாகவே இருந்தும் செறிவு வேறுபடும். இயன்றால் அதே கருவின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, வெவ்வேறு குளுக்கோஸ் செறிவுகளில் வைத்து, வெளிவரும் இன்சுலினையும் உள்ளே எஞ்சும் இன்சுலினையும் நேரடியாக அளந்து, கிளாம்பின் முடிவுடன் ஒப்பிடுங்கள்.

புள்ளியியலில் பலர் சறுக்கும் இடம் இரட்டைக் குட்டிகள். ஒரே தாயின் இரு கருக்களைத் தனித்தனி விலங்குகளாக எண்ணக் கூடாது. தாயைக் கணக்கின் அலகாகவோ புள்ளியியல் மாதிரியின் (model) ஒரு காரணியாகவோ சேர்க்க வேண்டும். ஒற்றையா இரட்டையா, ஆணா பெண்ணா, சோதனை நாளில் வயது என்ன, உடற்கூறாய்வில் கருவின் எடையும் நஞ்சுக்கொடியின் எடையும் எவ்வளவு என்பவற்றை ஒவ்வொரு கருவுக்கும் எழுதிவையுங்கள். கிளாம்பின்போது மதிப்பிட்ட எடையைக் கொண்டு கணக்கிட்ட எல்லா வீதங்களையும் உடற்கூறாய்வில் கிடைத்த உண்மை எடையைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டு, ஒரு கருவுக்கு எவ்வளவு, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என இரு வகையிலும் தாருங்கள். வளர்ச்சி குன்றிய கருவில் இவ்விரண்டும் எதிரெதிரான செய்தியைச் சொல்வது அரிதல்ல.